பீடி, பம்ப், மலைப்பாதை: மூச்சு வாங்குவோர் கேள்வி - பதில்

சேலம், ஏற்காடு வட்டார வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் பெரும்பாலானவை சி.ஓ.பி.டி. எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயையும், பீடி - சிகரெட்டை விடுவதையும் பற்றியவை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் முப்பது வருஷ வேலை. தினம் ஒரு கட்டு பீடி. வயது 56. ஊதிப் பார்க்கும் பரிசோதனையில் நுரையீரல் 48 சதவீதம்தான் என்றார்கள். போனது போனதுதானே, இனி பீடியை விட்டு என்ன ஆகப்போகிறது?
- வாசகர், செவ்வாய்ப்பேட்டை

முதலில் அந்த 48. நுரையீரலில் பாதி செத்துவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. முழு மூச்சை இழுத்து, பலமாக ஊதும்போது முதல் ஒரு விநாடியில் எவ்வளவு காற்று வெளியே வருகிறது என்பதுதான் கணக்கு. உங்கள் வயது, உயரமுள்ள நல்ல உடல்நிலை உள்ளவரோடு ஒப்பிட்டால் உங்களுக்கு 48 சதவீதம் வருகிறது. 30 முதல் 49 வரை என்பது இந்த நோயின் நான்கு நிலைகளில் மூன்றாம் நிலை.

போன திறன் திரும்பாது, உண்மை. ஆனால் இனிமேல் போவதன் வேகம் உங்கள் கையில்தான் இருக்கிறது. நடு வயதுக்குப் பிறகு எல்லோருக்குமே அந்த முதல் விநாடிக் காற்று வருஷத்துக்கு 25 - 30 மி.லி. குறையும். புகையால் பாதிக்கப்படும் நுரையீரலில் அது இரண்டு மடங்கு ஓடும். உங்களுக்கு இப்போது 1.3 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். பீடி தொடர்ந்தால் பத்து வருஷத்தில் 0.7; விட்டால் ஏறக்குறைய 1 லிட்டர். 300 மி.லி.தானே என்று தோன்றும். கடைத்தெருவுக்கு நடந்து போய் வருவதற்கும், குளித்துவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்து மூச்சு வாங்குவதற்கும் இடையே இருப்பது பெரும்பாலும் அவ்வளவுதான்.

பட்டறையையும் கவனியுங்கள். உருக்கும் உலையின் கரிப்புகையும் அமிலத்தொட்டியின் ஆவியும் பீடிக்குச் சளைத்தவை அல்ல. வெளியேற்று விசிறி இருந்தும் பயனில்லாமல் போவதற்குக் காரணம், பல இடங்களில் ஆள் உட்காருவது உலைக்கும் விசிறிக்கும் நடுவே. புகை அவர் முகத்தைத் தொட்டுவிட்டுத்தான் வெளியே போகும். விசிறி உலைக்குப் பின்னால் இருக்க வேண்டும். கட்டும் கர்ச்சீப் நுண்தூசியைத் தடுக்காது. என்95 முகக்கவசம் தூசியைத் தடுக்கும், அமில ஆவியைத் தடுக்காது.

நிக்கோட்டின் சூயிங்கம் வாங்கி மென்றேன். விக்கல், வயிற்றெரிச்சல்தான் மிச்சம். நாலே நாளில் மறுபடி பீடி. இது ஏமாற்று வேலையா?
- வாசகர், கொண்டலாம்பட்டி

இல்லை. பபுள்கம் மாதிரி மென்றிருக்கிறீர்கள், அதுதான் கோளாறு. இந்த மருந்து வாயின் உள்தோல் வழியாக ரத்தத்தில் சேர வேண்டியது. விடாமல் மென்றால் எச்சிலோடு வயிற்றுக்குள் போய்விடும். விக்கலும் எரிச்சலும் அதனால்தான் வருகின்றன.

வாயில் போட்டு மெதுவாக மெல்லுங்கள். பத்துப் பதினைந்து மெல்லலில் மிளகு கடித்தது போல ஒரு சுருக் வரும். உடனே நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வையுங்கள். சுருக் அடங்கியதும் மறுபடி மென்று, இந்த முறை மறுபக்கம் ஒதுக்குங்கள். ஒரு துண்டு அரை மணி நேரம் வரும். போடுவதற்கு 15 நிமிடம் முன்பிருந்தே காபி, டீ, சோடா, ஜூஸ் கூடாது. வாயில் புளிப்புத்தன்மை இருந்தால் நிக்கோட்டின் உறிஞ்சப்படாது. டீக்கடையில் டீ குடித்த கையோடு கம் போடுகிறவருக்கு அது வெறும் மிட்டாய்தான்.

அடுத்த தவறு, ஆசை வந்த பிறகு போடுவது. அதுவும் நாளைக்கு மூன்று நாலு மட்டும். முதல் ஆறு வாரம் ஒன்று அல்லது இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று, அடுத்த மூன்று வாரம் இரண்டு முதல் நாலு மணிக்கு ஒன்று, கடைசி மூன்று வாரம் நாலு முதல் எட்டு மணிக்கு ஒன்று. மொத்தம் 12 வாரம். காலையில் எழுந்து அரை மணிக்குள் முதல் பீடியைப் பற்ற வைக்கிறவருக்கு 2 மி.கி. போதாது, 4 மி.கி. வேண்டும், அதற்கு டாக்டர் சீட்டு தேவை. தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பட்டையோடு கம்மையும் சேர்த்துக்கொண்டால் தனித்தனியாகப் போடுவதைவிட நன்றாகப் பலன் தரும். பல்செட் கட்டியவர்கள் கம்முக்குப் பதில் சப்பும் மாத்திரை வாங்கலாம். சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள் டாக்டரிடம் கேட்காமல் எதையும் தொடங்கக் கூடாது. வாரெனிக்ளின் என்ற மாத்திரையும் உண்டு. விடப்போகும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே ஆரம்பித்து 12 வாரம் சாப்பிட வேண்டியது. இதுவும் டாக்டர் சீட்டில்தான்.

“பீடி சின்னதுதானே, சிகரெட் அளவு கெடுதல் இல்லை” என்றும் எழுதியிருக்கிறீர்கள். பீடி இலையில் காற்று புகாது. அணைந்து அணைந்து போகும். எரிய வைக்கவே அடிக்கடியும் ஆழமாகவும் இழுக்க வேண்டியிருக்கும். புகையிலை குறைவு, உள்ளே போகும் புகை குறைவு இல்லை.

முதல் மூன்று நாள்தான் கடுமை. ஒவ்வொரு முறையும் ஆசை பொங்கி அடங்க சில நிமிடம்தான் ஆகும். அந்த நிமிடங்களைத் தறி நின்ற நேரத்தில் நண்பர்களோடு வாசலில் கழிக்காதீர்கள். இரண்டு வாரத்துக்கு டீயைப் பார்சல் வாங்கி உள்ளேயே குடியுங்கள். பேச ஆள் வேண்டுமென்றால் 1800-11-2356 என்ற தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண்ணுக்குக் கட்டணமில்லாமல் அழைக்கலாம். சிகரெட் பாக்கெட்டில் அச்சிட்டிருப்பதும் அந்த எண்தான்.

விட்டு ஒரு மாதம் ஆகிறது. இருமல் கூடிவிட்டதே?
- வாசகர், அன்னதானப்பட்டி

மூச்சுக்குழாயைப் பெருக்கித் தள்ளும் நுண்ணிழைகளைப் புகை முடக்கி வைத்திருந்தது. அவை மறுபடி வேலை செய்யத் தொடங்கியதும் சளி மேலே வரும். சில வாரத்தில் குறைய வேண்டும். சளியில் ரத்தம், மாலைக் காய்ச்சல், எடை குறைவு இருந்தால் காத்திருக்காதீர்கள். அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் எடுத்து, காசநோயா, வேறு ஏதாவதா என்று பார்த்துவிடுங்கள்.

சிகரெட்டை விட்டு இரண்டு வாரம். நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது, குமட்டல், தூக்கமே இல்லை. சிகரெட்டே தேவலாம் போலிருக்கிறது. மூச்சுக்கு டெரிஃபிலின் மாத்திரை சாப்பிடுகிறேன். நாளைக்கு ஐந்தாறு காபி.
- எஸ்டேட் மேஸ்திரி, நாகலூர்

இந்தக் கடிதத்துக்கு முதலில் பதில் எழுத வேண்டியிருந்தது. உங்கள் தொல்லைக்குக் காரணம் சிகரெட் இல்லாதது மட்டும் அல்ல, அந்த மாத்திரையும் காபியும்.

சிகரெட் புகையிலுள்ள சில பொருள்கள் கல்லீரலைத் தூண்டிவிட்டு, தியோஃபிலினையும் காபியிலுள்ள கஃபீனையும் வேகமாகக் கழித்துத் தள்ள வைக்கின்றன. டெரிஃபிலினில் இருப்பது தியோஃபிலின் வகை மருந்து. புகை நின்ற ஒரு வாரத்துக்குள் கல்லீரல் பழைய நிதானத்துக்கு வந்துவிடும். நேற்றுவரை சரியாக இருந்த அதே அளவு இன்று உடம்பில் தேங்க ஆரம்பிக்கும். தியோஃபிலினில் நன்மை செய்யும் அளவுக்கும் கெடுதல் செய்யும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. குமட்டல், படபடப்பு முதல் அறிகுறி. மிஞ்சினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், வலிப்பும் வரும். எனவே அடுத்த வேளை மாத்திரையைப் போடுவதற்கு முன்பே எழுதிக் கொடுத்த டாக்டரிடம் “சிகரெட்டை விட்டுவிட்டேன்” என்று சொல்லுங்கள். அளவைக் குறைப்பார் அல்லது மாற்றுவார். வாந்தியும் படபடப்பும் அதிகமானால் நேரே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். சிப்ரோஃப்ளாக்சசின், எரித்ரோமைசின் ஆகிய ஆன்டிபயாடிக்குகளும் இதே தேக்கத்தை உண்டாக்கும். மருந்துக்கடையில் சளிக்கு வாங்கும்போது இதைச் சொல்ல மறக்காதீர்கள்.

காபியைப் பாதியாகக் குறையுங்கள். காபி விளைகிற ஊர்க்காரரிடம் இதைச் சொல்வது கொஞ்சம் கொடுமைதான்! நிக்கோட்டின் கம் இந்தக் கல்லீரல் வேலையைச் செய்யாது, ஆகவே கம் போடுகிறவர்கள் அதைத் தொடரலாம்.

என் வீட்டுக்காரருக்கு ஒரு பம்பும், மாத்திரை போட்டு இழுக்கும் ஒரு கருவியும் கொடுத்திருக்கிறார்கள். இரண்டாலும் பலன் தெரியவில்லை. பம்ப் பழகிவிடும், அது கடைசி மருந்து என்று அக்கம்பக்கத்தில் பயமுறுத்துகிறார்கள்.
- வாசகி, அம்மாப்பேட்டை

பழகாது. கடைசி மருந்தும் அல்ல. உண்மையில் முதல் மருந்து. விழுங்கும் மாத்திரை உடம்பெல்லாம் சுற்றும்; பம்ப் மருந்து நேரே மூச்சுக்குழாய்க்குப் போகும், அளவும் மைக்ரோகிராம் கணக்குதான். பலன் தெரியாததற்கு நாங்கள் சந்தேகிப்பது ஒன்றுதான்: இரண்டையும் ஒரே மாதிரி இழுக்கிறார்.

காற்று அழுத்தப் பம்புக்கு இழுப்பு மெதுவாக இருக்க வேண்டும். குலுக்குங்கள், மூச்சை முழுக்க வெளியே விடுங்கள், இழுக்கத் தொடங்கும்போது ஒரு முறை அழுத்தி, நாலைந்து விநாடி நிதானமாக இழுத்து, பத்து விநாடி அடக்குங்கள். அடுத்த அழுத்தல் அரை நிமிடம் கழித்து. வேகமாக இழுத்தால் மருந்து தொண்டையில் மோதி அங்கேயே ஒட்டிக்கொள்ளும். கையும் மூச்சும் ஒத்துவரவில்லையென்றால், பம்புக்கும் வாய்க்கும் நடுவே மாட்டும் ஸ்பேசர் குழாய் வாங்குங்கள். அதற்குள் இரண்டு முறை சேர்த்து அழுத்தக் கூடாது. ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்து அப்படியே காய விடுங்கள். துணியால் துடைத்தால் உட்சுவரில் மின்னேற்றம் உண்டாகி மருந்தை இழுத்துக்கொள்ளும்.

மாத்திரை போட்டு இழுக்கும் கேப்சூல் கருவிக்கு நேர்மாறாக, வேகமாக, ஆழமாக இழுக்க வேண்டும். உள்ளே கேப்சூல் படபடவென்று அடிக்கிற சத்தம் கேட்க வேண்டும். முடிந்ததும் திறந்து பாருங்கள். தூள் மிச்சமிருந்தால் இன்னொரு இழுப்பு. கருவிக்குள் ஊதிவிடக் கூடாது. ஈரம் பட்டால் தூள் கட்டியாகும். கேப்சூலைத் தண்ணீரோடு விழுங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அது நுரையீரலுக்குப் போகாது.

ஸ்டீராய்டு கலந்த மருந்தென்றால் இழுத்து முடித்ததும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படியும். இன்னொன்று: 200 அழுத்தல் பம்பைக் காலை இரண்டு, இரவு இரண்டு என்று எடுத்தால் 50 நாளில் மருந்து தீரும். அதற்குப் பிறகும் அழுத்தினால் ‘புஸ்’ என்று வாயு வரும், மருந்து இருக்காது. எண் காட்டும் சாளரம் இல்லாத பம்பென்றால் தொடங்கிய தேதியைப் பேனாவால் அதன் மேலேயே எழுதிவிடுங்கள்.

அப்பாவுக்கு சி.ஓ.பி.டி. விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் சதவீதம் பார்க்கும் கருவியில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது 91 காட்டுகிறது. அடுத்த மாதம் ஏற்காட்டில் சொந்தக்காரர் கல்யாணம், இரண்டு நாள் தங்கல். அழைத்துப் போகலாமா?
- வாசகர், சூரமங்கலம்

இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிக்கும்போது நீங்கள் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பீர்கள். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. மூச்சோடு கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவு குறைகிறது. 98 உள்ளவருக்கு இரண்டு மூன்று புள்ளிதான் இறங்கும், அவருக்குத் தெரியவே தெரியாது. 90ஐ ஒட்டியவருக்குக் கணக்கு வேறு. ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் அந்தக் கட்டத்துக்குக் கீழே கொஞ்சம் குறைந்தாலே சதவீதம் சரசரவென்று சரியும். கீழே 91 என்றால் மேலே உட்கார்ந்த இடத்திலேயே 85க்கும் கீழே போகலாம். மண்டபப் படி ஏறினால் இன்னும் இறங்கும்.

ஆகவே டாக்டரைப் பார்க்காமல் ஏற வேண்டாம். ஆறு நிமிடம் நடக்க வைத்து எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்து, தேவையானால் கையடக்க ஆக்சிஜன் சொல்வார். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நெஞ்சக நோய்ப் பிரிவிலும் கேட்கலாம். அனுமதி கிடைத்தால் முகூர்த்தத்துக்கு மட்டும் போய் அன்றே இறங்கிவிடுவது நல்லது. மலைப் பனியில் விரல் குளிர்ந்திருந்தால் கருவி பொய்யாகக் குறைத்துக் காட்டும். உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டுப் பாருங்கள். மருதாணி, நகப்பூச்சும் குழப்பும். கருத்த தோலில் உள்ளதைவிடச் சற்றுக் கூடுதலாகவே காட்டக்கூடும் என்பதால் 91ஐ 91 என்று நம்பிவிடாதீர்கள்.

வீட்டில் ஆக்சிஜன் மிஷின் இருக்கிறது. மூச்சு வாங்கும்போது அளவைக் கூட்டிக்கொள்ளலாமா?
- வாசகி, அஸ்தம்பட்டி

கூடாது. இந்த நோயில் இலக்கு பொதுவாக 88 முதல் 92தான், 98 அல்ல. தேவைக்கு மேல் ஆக்சிஜன் கொடுத்தால் சிலருக்குக் கரியமில வாயு தேங்கும். காலையில் தலைவலி, பகலில் அளவுக்கு மீறிய தூக்கம், பேச்சில் குழப்பம் இருந்தால் அதற்கான அடையாளம். எழுதிக் கொடுத்த அளவில் நாளைக்குக் குறைந்தது 15 மணி நேரம் வைத்தால்தான் பலன் உண்டு. மூச்சு வாங்கும்போது மட்டும் வைப்பது போதாது. அளவுக் குழாயில் உருண்டையின் நடுப்பகுதி கோட்டில் நிற்க வேண்டும். அந்த அறையில் பீடி, ஊதுவத்தி, விளக்கு, கேஸ் அடுப்பு எதுவும் வேண்டாம்.

பீடி, சிகரெட்டைத் தொட்டதே இல்லை. 40 வருஷம் விறகடுப்பு. எனக்கு எப்படி இந்த நோய்?
- வாசகி, செம்மநத்தம்

விறகடுப்புதான் காரணமாக இருக்கும். மூடிய சமையலறையில் விறகுப் புகையும் மூச்சுக்குழாயைப் பீடிப் புகை போலவே அரிக்கும். மழைக்காலத்தில் ஈர விறகு இன்னும் மோசம். கேஸுக்கு மாறுங்கள், வெந்நீருக்காவது விறகு வேண்டுமென்றால் அடுப்பை வெளியே தாழ்வாரத்துக்கு மாற்றுங்கள். வருஷம் ஒரு முறை ஃப்ளூ தடுப்பூசியும், டாக்டர் சொல்கிறபடி நிமோனியா தடுப்பூசியும் போட்டுக்கொள்ளுங்கள்.

மூச்சு வாங்கும்போது மூக்கால் இரண்டு எண்ணும் வரை இழுத்து, விசில் அடிப்பது போல உதட்டைக் குவித்து நாலு எண்ணும் வரை விடுங்கள். மேடு ஏறும்போது ஏறுகிற அடிக்கு மூச்சை விட வேண்டும், அடக்கிக்கொண்டு ஏறக் கூடாது. சளி மஞ்சள் - பச்சையாக மாறி, அளவும் கூடி, மூச்சும் கூடுதலாக வாங்கினால் அன்றே டாக்டரைப் பாருங்கள். ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாத அளவு மூச்சுத் திணறல், உதடு நீலம், மயக்கம் என்றால் 108. மலையிலிருந்து வண்டி இறங்கிச் சேர நேரமாகும், விடியட்டும் என்று இருக்க வேண்டாம்.