வெள்ளையணுக்கள் இருந்தும் முரசு (பல் ஈறு) ஏன் கரைகிறது?

பல் துலக்கும்போது இரத்தம் வருகிறது, கிருமியைக் கொல்ல வெள்ளையணு இருந்தும் முரசு ஏன் கரைகிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

திருகோணமலை உப்புவெளியில் எங்கள் அம்மம்மா வெற்றிலை போடுவார். துப்பலின் சிவப்பில் இரத்தமும் கலந்திருந்தது கனகாலம் யாருக்கும் தெரியவில்லை. முன்பல் ஆடியபோதுதான் விளங்கியது.

பல்லுக்கும் முரசுக்கும் நடுவே ஒரு மெல்லிய இடுக்கு இருக்கிறது. அங்கே பாக்டீரியாப் படலம் தடித்ததும் முரசு இரசாயனச் சமிக்ஞை விடும். இரத்தக் குழாய்கள் விரியும். வீக்கமும் சிவப்பும் அதனால்தான். நியூட்ரோபில் எனும் வெள்ளையணுக்கள் குழாய்ச் சுவர் வழியே நசுங்கி நெளிந்து வெளியே வந்து இடுக்கில் அணிவகுத்து நிற்கும். கிருமியை விழுங்கிக் கொல்லும். சிலவேளை தன் டிஎன்ஏவையே வலையாக வீசிக் கிருமியைச் சிக்கவைக்கும், நம்மூர்க் கரைவலை மாதிரி. இது 2004இல்தான் தெரியவந்தது.

சரி, சிக்கல் எங்கே? படலம் பசைபோல் இறுகியது. அடியில் இருக்கும் கிருமி அகப்படாது. போர்பிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் போன்ற கிருமிக்கு வெள்ளையணுவை ஏமாற்றவும் தெரியும். சண்டை நீள நீள, வெள்ளையணுக்கள் கொட்டும் நொதிகள் முரசைத் தாங்கும் நம் கொலாஜன் எனும் புரத நார்களையே அரிக்கும். அப்புறம் தாடை எலும்பு கரையும். பாதி அழிவு நம் படையாலேயே!

ஆகவே படலத்தை அகற்றுவதுதான் வழி. இரத்தம் வருகிறதென்று பிரஷ் பண்ணுவதை நிறுத்திவிடாதீர்கள். புகைப்பவருக்கு நோய் இருந்தாலும் இரத்தம் குறைவாகத்தான் கசியும், அதை நம்பி இருக்கவேண்டாம்.