புதையல் சட்டத்தின் மேல் கோபம் இருக்கட்டும், 14 நாள் கெடு ஓடிக்கொண்டிருக்கிறது

வாசகர் கேள்வி: இங்கிலாந்தில் கென்ட் பக்கம் இருக்கிறேன், ஸ்கில்டு வொர்க்கர் விசா. வார இறுதியில் மெட்டல் டிடெக்டரை எடுத்துக்கொண்டு வயல்வெளிக்குப் போவது என் பொழுதுபோக்கு. ஒரு பண்ணையில் குத்தகைக்குப் பயிர் செய்பவர் "போய்ப் பாருங்கள்" என்று வாய்மொழியாக அனுமதி கொடுத்தார். போன மாதம் அங்கே உழுது போட்ட மண்ணில் மூன்று வெள்ளிக் காசுகள் கிடைத்தன, மூன்றும் இரண்டடி தூரத்துக்குள். பக்கத்திலேயே வெண்கல ஊக்கு ஒன்று. காசுகள் முதலாம் எட்வர்டு காலத்தவை என்று கிளப்பில் ஒரு பெரியவர் போன ஞாயிறு சொன்னார். ஆனால் கிளப்பில் பாதிப் பேர் கொதித்துப் போயிருக்கிறார்கள். லைசென்ஸ் முறை வரப்போகிறது, புதையல் என்ற வரையறையை வருடா வருடம் நீட்டுகிறார்கள், அதனால் எதிர்ப்புக்காக இனி யாரும் எதையும் ரிப்போர்ட் செய்யக் கூடாது என்கிறார்கள். மனு ஒன்றிலும் கையெழுத்துக் கேட்கிறார்கள். கையெழுத்துப் போட்டால் விசாவுக்குப் பிரச்சினை வருமா? காசுகளைக் கோவையில் இருக்கும் என் அண்ணனுக்கு அனுப்பலாமா? அவர் நாணயம் சேகரிப்பவர்.

பதில்:

மனுவில் தாராளமாகக் கையெழுத்துப் போடுங்கள். காசை மட்டும் மறைக்காதீர்கள். உங்கள் கிளப்காரர்கள் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். வரப்போகிற சட்டத்தை எதிர்ப்பது உங்கள் உரிமை, இருக்கிற சட்டத்தை மீறுவது குற்றம், நடுவில் வேறு எதுவும் இல்லை.

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டுக்கும் 1996 ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் பொருந்தும். 300 வருடத்துக்குக் குறையாத பழமை, எடையில் குறைந்தது 10 சதவீதம் தங்கமோ வெள்ளியோ, அப்படிப்பட்ட காசு ஒரே கண்டெடுப்பில் குறைந்தது இரண்டு இருந்தால் அது புதையல் என்கிறது சட்டம். தனியாகக் கிடைத்த ஒற்றைக் காசு பொதுவாக இதில் வராது. யாரோ சந்தைக்குப் போகிற வழியில் தவறவிட்டது என்று விட்டுவிடுவார்கள். உங்களிடம் மூன்று இருக்கிறது. முதலாம் எட்வர்டு ஆண்டது 1272 முதல் 1307 வரை, அவர் காலத்துப் பென்னி நல்ல வெள்ளி. ஆக வயதிலும் வெள்ளியிலும் சந்தேகத்துக்கு இடமே இல்லை. மிச்சம் இருப்பது மூன்றும் ஒரே கண்டெடுப்பா என்ற கேள்விதான். ஒன்றாக இருந்ததை ஏர் இழுத்துச் சிதறடித்திருந்தாலும் சட்டம் அதை ஒரே கண்டெடுப்பாகத்தான் எடுத்துக்கொள்ளும். இல்லை, மூன்று பேர் மூன்று காலத்தில் அதே இரண்டடிக்குள் தவறவிட்டார்கள் என்று வாதாடலாம்தான், ஆனால் அதைத் தீர்மானிப்பது நீங்களும் இல்லை, நானும் இல்லை, புதையலா இல்லையா என்று விசாரிக்கும் அதிகாரியான கொரோனர்.

அப்புறம் அந்த ஊக்கு. வெண்கலம்தானே என்று அதைத் தனியாக மேசை இழுப்பறையில் போட்டுவிடாதீர்கள். புதையலோடு ஒரே கண்டெடுப்பாகச் சேர்ந்து வந்த பொருள், அது எந்த உலோகமாக இருந்தாலும், அதுவும் புதையல்தான். எனக்கு வரும் இதுபோன்ற கடிதங்களில் அதிகம் பேர் கோட்டை விடுவது இந்த இடத்தில்.

சட்டத்தின் 8 ஆம் பிரிவு 14 நாள் கெடு வைத்திருக்கிறது. கண்டெடுத்த மறுநாளிலிருந்து 14 நாள். அல்லது இது புதையலாக இருக்கும் என்று நம்புவதற்குக் காரணம் உங்களுக்குக் கிடைத்த மறுநாளிலிருந்து, இவற்றில் எது பிந்தியதோ அது. போன மாதம் உங்களுக்கு அது ஏதோ பழைய காசு, அவ்வளவுதான் என்றால், கிளப் பெரியவர் வாயைத் திறந்த அந்த ஞாயிற்றுக்கிழமையை வைத்து வாதாட இடம் இருக்கிறது. ஆனால் அதையே நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம், இந்தப் பதிலைப் படித்த பிறகு "எனக்குத் தெரியாது" என்று நீங்கள் சொல்லவே முடியாது. தகுந்த காரணம் இல்லாமல் தெரிவிக்காமல் விட்டால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். வேண்டுமென்றே மறைத்து விற்றால் விஷயம் திருட்டு வழக்காக மாறிவிடும், அங்கே கணக்கே வேறு. ஹெரிஃபோர்ட்ஷயரில் லெம்ஸ்டர் அருகே 2015 இல் வைக்கிங் காலத்துக் காசும் நகையும் எடுத்து ரகசியமாக விற்ற இருவருக்கு, 2019 இல் வோர்செஸ்டர் கிரவுன் கோர்ட் ஒருவருக்குப் பத்து ஆண்டும் இன்னொருவருக்கு எட்டரை ஆண்டும் சிறை விதித்தது. பின்னால் மேல்முறையீட்டில் குறைந்தது, ஆனாலும் போனது வருடக் கணக்கில். முறையாக அனுமதி வாங்கி முறையாகச் சொல்லியிருந்தால் அவர்களுக்குச் சட்டப்படியே பெரிய தொகை பங்காக வந்திருக்கும்.

யாரிடம் சொல்வது? நேராகக் கொரோனர் அலுவலகத்துக்கும் எழுதலாம். நடைமுறையில் எல்லாரும் போவது அந்தப் பகுதியில் கண்டெடுத்த பொருள்களைப் பதிவு செய்யும் ஃபைண்ட்ஸ் லையசன் ஆபீசரிடம், கிளப்பில் ஃப்ளோ என்பார்களே, அவரிடம். பிரிட்டிஷ் மியூசியம் நடத்தும் பதிவுத் திட்டத்தின் கீழ் வேலை செய்பவர்கள் இவர்கள், உங்கள் பகுதிக்கும் ஒருவர் இருப்பார். இன்றைக்கே மின்னஞ்சல் போடுங்கள்: என்ன கிடைத்தது, எந்த நாள், எந்த வயல், வரைபடத்தில் அந்த இடத்தைக் காட்டும் பத்து இலக்க கிரிட் எண், போட்டோ. மின்னஞ்சல் போன நேரமே உங்கள் கவசம். பொருளை ஒப்படைக்கும்போது ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். அதுவரைக்கும் காசைத் தேய்க்கக் கூடாது. புளி போட்டு விளக்கினால் பளபளவென்று வரும் என்று வீட்டில் யாராவது சொல்வார்கள், நம்ம வீட்டுக் குத்துவிளக்கு இல்லை அது. மண் ஒட்டியபடியே, காசு ஒவ்வொன்றையும் தனித்தனிச் சின்ன பிளாஸ்டிக் கவரில் போட்டு, மேலே தேதியும் இடமும் எழுதி வையுங்கள். தேய்த்துப் பாழாக்கினால் மதிப்பும் போகும், பரிசுத் தொகையிலும் வெட்டு விழும்.

பரிசு பற்றிச் சொல்லிவிடுகிறேன். மியூசியம் எதுவும் வேண்டாம் என்றால் பொருள் பெரும்பாலும் உங்கள் பக்கமே திரும்பிவிடும். மூன்று பென்னிக்கு அதற்கே வாய்ப்பு அதிகம். வேண்டும் என்றால் மதிப்பீட்டுக் குழு விலை சொல்லும், வழக்கமாகக் கண்டெடுத்தவருக்குப் பாதி, நிலத்துக்காரருக்குப் பாதி. 2009 இல் கிடைத்த ஸ்டாஃபர்ட்ஷயர் புதையலுக்கு 32.85 லட்சம் பவுண்டு மதிப்பிட்டார்கள், டிடெக்டர்காரரும் விவசாயியும் பகிர்ந்துகொண்டார்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்துவது நிலத்துக்காரர் விஷயம்தான். குத்தகைக்காரர் வாயால் சொன்ன அனுமதி போதாமல் போகலாம். மண்ணுக்குள் இருக்கும் பொருள் பொதுவாக நிலத்தின் சொந்தக்காரருக்கு உரியது, குத்தகைப் பத்திரத்தில் டிடெக்டருக்கே தடை எழுதியிருந்தாலும் ஆச்சரியமில்லை. லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் சிறிய கட்டணம் கட்டினால் சொந்தக்காரர் பெயர் பெரும்பாலும் கிடைக்கும். குத்தகைக்காரரை முன்னால் விட்டுப் பேசுங்கள், நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள், இனிமேலுக்கு ஒரு பக்கத்தில் எழுத்து வாங்குங்கள். எந்தெந்த வயல், எந்த மாதங்கள், கிடைத்ததில் யாருக்கு எவ்வளவு, இரண்டு பேர் கையெழுத்து. கூடவே அந்த வயல் பாதுகாக்கப்பட்ட நினைவிடத்துக்குள் வருகிறதா என்று பழமைச் சின்னங்களைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஹிஸ்டாரிக் இங்கிலாந்தின் பட்டியலில் பாருங்கள், இணையத்தில் இலவசம். வந்தால், எழுத்து மூலமான அரசு அனுமதி இல்லாமல் அங்கே டிடெக்டரைப் பயன்படுத்துவதே 1979 ஆம் ஆண்டுத் தொல்நினைவிடச் சட்டத்தின் 42 ஆம் பிரிவின்படி குற்றம், நிலத்துக்காரர் சம்மதித்தாலும் சரி.

இனி உங்கள் கிளப்பின் கோபத்துக்கு வருகிறேன். அதில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். 2010 இல் கம்ப்ரியாவில் கிராஸ்பி காரெட் என்ற இடத்தில் ரோமானியத் தலைக்கவசம் ஒன்று கிடைத்தது, முகமூடியோடு, அபூர்வமான பொருள். ஆனால் அது வெண்கலம், தங்கமும் இல்லை வெள்ளியும் இல்லை, ஆகவே சட்டப்படி புதையல் இல்லை. ஏலத்துக்குப் போனது, கார்லைல் மியூசியம் பணம் திரட்டிப் பார்த்தது, கடைசியில் சுமார் 23 லட்சம் பவுண்டுக்குப் பெயர் தெரியாத ஒருவர் வாங்கிப் போய்விட்டார். அந்தச் சூட்டில் தொடங்கிய பேச்சு 2019 இல் அரசின் கருத்துக் கேட்பாக வந்து, 2023 ஜூலை 30 முதல் புதிய வரையறையாக அமலுக்கு வந்தது. 200 வருடத்துக்குக் குறையாத, உலோகம் கலந்த பொருள் நாட்டின் வரலாற்றுக்கோ ஒரு பகுதியின் வரலாற்றுக்கோ விதிவிலக்கான முக்கியத்துவம் உள்ளது என்றால் அதுவும் புதையல். இங்கேதான் டிடெக்டர்காரர்களின் வாதம் வலுவாக இருக்கிறது என்பது என் கருத்து. வெள்ளியா இல்லையா என்று வயலில் நின்று ஓரளவு சொல்லிவிடலாம், விதிவிலக்கான முக்கியத்துவத்தை மழையில் நனைந்தபடி எந்த மனிதன் அளப்பான்? மதிப்பீடு முடிந்து பணம் கைக்கு வர மாதக் கணக்கில், சில சமயம் வருடத்துக்கு மேல் இழுக்கிறது என்ற புகாரும் நிஜம். லைசென்ஸ் வந்தால் அதை வாங்கப் போவது உங்களைப் போன்றவர்கள்தான், நைட்ஹாக் என்று சொல்கிறார்களே, ராத்திரி திருட்டுத்தனமாக வயலில் இறங்குகிறவர்கள், அவர்கள் எந்த வரிசையில் நிற்கப் போகிறார்கள்?

ஆனால் லைசென்ஸ் நாளைக்கே வந்துவிடும் என்ற பயம் இந்தப் பொழுதுபோக்கின் வயசு அளவுக்குப் பழையது. 1980 வரைக்கும் குழாய் தேடும் கருவிக்கான வயர்லெஸ் லைசென்ஸ் என்ற பெயரில் ஒன்று இருக்கத்தான் செய்தது, பிறகு எடுத்துவிட்டார்கள். அதே சமயத்தில் தொல்லியலாளர்கள் ஸ்டாப் என்ற பெயரில் டிடெக்டருக்கு எதிராகப் பெரிய பிரசாரம் நடத்தினார்கள். அதை எதிர்கொள்ள டிடெக்டர்காரர்கள் அணிதிரண்டார்கள், 1981 இல் அவர்களுக்கென்று தேசிய கவுன்சில் உருவானது. இவ்வளவுக்குப் பிறகும் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொதுவான லைசென்ஸ் வரவில்லை. வட அயர்லாந்தில் தொல்பொருள் தேடித் தோண்ட லைசென்ஸ் வேண்டும், அயர்லாந்துக் குடியரசில் 1987 முதல் அனுமதி இல்லாமல் தேடுவதே குற்றம். இங்கே அந்த வழிக்குப் போகாததற்கு முக்கியக் காரணம், 1997 இல் தொடங்கிய பதிவுத் திட்டத்தில் டிடெக்டர்காரர்கள் தாங்களாகவே கொண்டுவந்து காட்டி, இன்று 15 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் பதிவாகியிருப்பது. லைசென்ஸ் வேண்டாம் என்று பேசப் போகிறவர்கள் கையில் இருக்கும் ஒரே நல்ல ஆதாரம் அந்தப் பதிவேடு. அதில் எழுதுவதையே நிறுத்துகிறோம் என்று போராடினால் தடை கேட்கிறவர்களுக்கு வேறு வாதமே தேவைப்படாது.

"இந்த நாட்டில் மட்டும்தான் இவ்வளவு கெடுபிடி" என்று உங்கள் கிளப்பில் யாராவது சொன்னால் நம்ம ஊர்க் கதையைச் சொல்லுங்கள். இந்தியாவில் 1878 ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது மண்ணிலிருந்து கிடைத்தாலும் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும், தவறினால் ஓராண்டு வரை சிறை. பத்து ரூபாய், இன்றைக்கு ஒரு டீ விலை.

கையெழுத்து விஷயம். பாராளுமன்ற மனுக்களில் பிரிட்டிஷ் குடிமக்களோடு இங்கே வசிப்பவர்களும் கையெழுத்திடலாம், விசாவில் இருப்பவர் உட்பட. அதற்காக ஹோம் ஆபீஸ் உங்களைத் தேடி வராது. 10,000 கையெழுத்துக்கு அரசு பதில் சொல்லும், ஒரு லட்சம் எட்டினால் விவாதத்துக்குப் பரிசீலிப்பார்கள். அதைவிடப் பலன் உள்ளது, அரசு கருத்துக் கேட்பு அறிவிக்கும்போது உங்கள் அனுபவத்தை வைத்துத் தனியாகப் பதில் எழுதுவது, இன்ன தேதியில் ரிப்போர்ட் செய்தேன், இத்தனை மாதம் காத்திருந்தேன் என்று. எல்லாரும் ஒரே வாசகத்தை ஒட்டி அனுப்பினால் அதற்கு அந்த எடை இல்லை. தொகுதி எம்பிக்கும் எழுதலாம், ஓட்டு இருக்கிறதா இல்லையா என்பது பிரச்சினை இல்லை. உங்கள் விசாவைக் கெடுக்கக் கூடியது மனு இல்லை, தண்டனைப் பதிவு. நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கு விண்ணப்பிக்கும்போது குற்றத் தண்டனைகளைச் சொல்லியே ஆக வேண்டும், மூன்று காசுக்காக அந்தப் பெட்டியில் டிக் போடும் நிலைமை உங்களுக்கு எதற்கு?

கடைசியாகக் கோவை அண்ணன். இப்போதைக்கு அனுப்பவே கூடாது, காசு உங்களுடையது என்று இன்னும் முடிவாகவில்லை. திரும்பிக் கைக்கு வந்த பிறகும், பிரிட்டன் மண்ணிலிருந்து எடுத்த 50 வருடத்துக்கு மேற்பட்ட தொல்பொருளை வெளிநாட்டுக்கு அனுப்ப ஏற்றுமதி லைசென்ஸ் விதிகள் உண்டு, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும். ஃப்ளோவிடமே கேளுங்கள், எந்தப் படிவம் என்று சொல்வார். அதுவரை அண்ணனுக்குப் போட்டோ போதும், ஆனால் அவர் அதை நாணயக் குழுக்களில் வயலின் பெயரோடு போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அடுத்த ராத்திரியே அங்கே டார்ச் வெளிச்சம் தெரியும்.