கானாவும் மலேசியாவும்: ஒரே ஆண்டில் பிறந்த இரு நாடுகள்

கேள்வி: கானா 1957 மார்ச்சில் விடுதலை பெற்றது, மலாயா அதே ஆண்டு ஆகஸ்டில் பெற்றது. இரண்டையும் ஆண்டவர்கள் பிரிட்டிஷார். இரண்டுமே தோட்டப் பயிரை நம்பியிருந்த வெப்ப நாடுகள். இன்று கோலாலம்பூர் எங்கே, அக்ரா எங்கே? ஆசியர்களிடம் உள்ள உழைப்பும் ஒழுங்கும் ஆப்பிரிக்கர்களிடம் இல்லை என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் உண்டா? என் பாட்டனார் பேராக் மாநிலத்துத் தோட்டமொன்றில் பால் மரம் சீவியவர். உழைப்பின் அருமை தெரிந்தே கேட்கிறேன்.
— ஒரு வாசகர், ஈப்போ

பதில்: உண்டு. ஆனால் அதற்கு முன், உழைப்பில்லை என்று நீங்கள் சொன்னதைப் பார்த்துவிடுவோம். கோல்ட் கோஸ்ட் என்று அன்று அழைக்கப்பட்ட கானாவுக்குக் கொக்கோ சொந்தப் பயிர் அன்று. தென் அமெரிக்காவிலிருந்து கினி வளைகுடாத் தீவுகளுக்கு வந்திருந்த அந்த மரத்தின் விதைகளை, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் டெட்டே குவார்ஷி என்ற கொல்லர் ஊருக்குக் கொண்டுவந்ததை அந்நாட்டு மக்கள் இன்றும் நன்றியோடு நினைவுகூர்கின்றனர். 1911இல் கோல்ட் கோஸ்ட் உலகிலேயே அதிகமாகக் கொக்கோ விளைவிக்கும் நாடாகிவிட்டது. இதைச் சாதித்தவர்கள் லண்டன் கம்பெனிகளின் துரைமார்கள் அல்லர். கூட்டாகப் பணம் திரட்டிக் காட்டு நிலம் வாங்கி, ஊர் பெயர்ந்து சென்று கன்று நட்டு, காய்ப்புக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்த ஆப்பிரிக்க உழவர்களே. 1937–38 பருவத்தில் ஐரோப்பிய வணிக நிறுவனங்கள் தமக்குள் பேசிவைத்துக்கொண்டு கொள்முதல் விலையைக் கட்டுப்படுத்த முனைந்தபோது, கையில் விளைச்சலை வைத்துக்கொண்டே மாதக்கணக்கில் விற்க மறுத்து நின்றவர்களும் அவர்களே. ஒழுங்கும் உழைப்பும் இல்லாத மக்களின் வரலாறா இது?

மலாயாவின் பக்கத்தையும் பாருங்கள். மலாய் மக்கள் உழைக்க விரும்பாதவர்கள் என்று எழுதிவைத்தவர்களில் பிராங்க் சுவெட்டன்ஹாம் போன்ற பிரிட்டிஷ் நிருவாகிகள் முன்னால் நின்றார்கள். தம் சொந்த வயலையும் ஆற்றையும் விட்டு அற்பக் கூலிக்குச் சுரங்கத்திலும் தோட்டத்திலும் இறங்க மறுத்த மக்களுக்கு அவர்கள் வைத்த பெயர் சோம்பேறிகள் என்பது. அந்தப் பெயரின் நிழலில்தான் நம்மவர்கள் கங்காணிகளின் கீழ்க் கப்பலேற்றப்பட்டார்கள். நூறு ஆண்டுகளுக்கு முன் ஆசியர் ஒருவர்மேல் ஒட்டப்பட்ட பழியை எடுத்து இன்று ஆப்பிரிக்கர்மேல் ஒட்டுவது, தோட்டத்தில் வளர்ந்த குடும்பத்திலிருந்து வரக்கூடிய சொல்லாக எனக்குத் தோன்றவில்லை. வருத்தத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

அடுத்தது, இரு நாடுகளும் ஒரே கோட்டில் நின்று புறப்பட்டன என்ற எண்ணம். ரப்பரும் வெள்ளீயமும் தந்த வருவாயால் 1957இலேயே ஆசியாவின் வளமான நாடுகளுள் ஒன்றாக மலாயா இருந்தது. மேலும், இன்று நீங்கள் பார்க்கும் மலேசியா அன்று இல்லை; சபாவும் சரவாக்கும் 1963இல் வந்து சேர்ந்தவை, அவற்றோடு வந்த பெட்ரோலியமும் காடும் மலாயாவின் தொடக்கக் கணக்கில் இல்லாதவை. கானாவின் கடலில் பெரிய எண்ணெய் வளம் கண்டறியப்பட்டதோ 2007இல்தான்.

இவ்வளவு வேறுபாடுகளையும் கழித்த பிறகும் இரு நாடுகளுக்கிடையே பெரிய இடைவெளி எஞ்சுகிறது. அதை மறைக்க நான் விரும்பவில்லை. அதை விளக்குவதற்கு மக்களின் குணத்தைத் தேட வேண்டாம். ஒரு மரத்திலிருந்து வந்த பணம் அந்த மரத்துக்கே திரும்பியதா என்று பார்த்தால் போதும் என்பது என் கருத்து. கானாவில் 1947இல் குடியேற்ற அரசு அமைத்த கொக்கோ விற்பனை வாரியம், உலகச் சந்தை விலைக்கும் உழவருக்குக் கொடுத்த விலைக்கும் இடையிலிருந்த வேறுபாட்டைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. விலை சரியும் காலத்தில் உழவரைக் காக்கவே அந்தச் சேமிப்பு என்றார்கள். பணமோ லண்டனில் இருந்தது. விடுதலைக்குப் பின் நாட்டின் முதல் தலைவரான நுக்ருமாவின் அரசு அதே வாரியத்தின் வழியாகத் தன் வளர்ச்சித் திட்டங்களுக்குப் பணம் எடுத்தது. தெமா துறைமுகமும், 1965இல் முடிந்த அக்கோசோம்போ அணையும் அக்காலத்தின் கனவுகள். அவை வீண் கனவுகள் என்று நான் சொல்லமாட்டேன், அந்த அணையின் மின்சாரத்தில் கானா இன்றும் விளக்கேற்றுகிறது. ஆனால் 1965 வாக்கில் உலகில் கொக்கோ விலை விழுந்தபோது உழவருக்குக் கொடுக்க வாரியத்திடம் எதுவும் எஞ்சவில்லை. அதன்பின் வந்த ஆட்சிகள் கானாவின் நாணயமான ‘சீடி’யின் (cedi) மதிப்பைப் பெரும்பாலும் செயற்கையாக உயர்த்தியே வைத்திருந்ததால், கொக்கோவின் உண்மையான விலையில் ஒரு சிறு பங்கே உழவரின் கைக்கு வந்தது. அவர் என்ன செய்வார்? வயதான மரத்துக்குப் பதிலாகப் புதிய கன்று நடாமல் விட்டார். எல்லையோரத்தில் இருந்தவர் மூட்டையை ஐவரி கோஸ்ட்டுக்கும் டோகோவுக்கும் கடத்தினார். 1964–65இல் ஐந்தரை லட்சம் டன்னைத் தாண்டிய விளைச்சல், வறட்சியும் காட்டுத்தீயும் வாட்டிய 1983ஐ அடுத்த பருவத்தில் சுமார் 1.6 லட்சம் டன்னுக்கு இறங்கியது. அதே 1983இல்தான் நைஜீரியாவிலிருந்து வெளியேற்றப்பட்ட கானா நாட்டவர் பத்து லட்சம் பேரளவில் வெறுங்கையோடு ஊர் திரும்பினார்கள்.

மலாயாவும் ரப்பருக்கு வரி போட்டது. ஆனால் செயற்கை ரப்பரின் போட்டியை உணர்ந்திருந்ததால், 1950களிலிருந்தே ஏற்றுமதித் தீர்வையின் ஒரு பகுதி மறுநடவு மானியமாகத் தோட்டங்களுக்கும் சிறுதோட்டக்காரர்களுக்கும் திரும்பியது. கிழட்டு மரத்தை வெட்டுங்கள், ஆராய்ச்சி நிலையம் தேர்ந்தெடுத்த அதிகப் பால் தரும் ரகத்தை நடுங்கள், மரம் பால் தரும்வரை உதவுகிறோம் என்பது ஏற்பாடு. ஒரே காலத்தில், ஒரே ஆட்சியாளரிடமிருந்து பெற்ற நிருவாகத்தை வைத்துக்கொண்டு, ஓரிடத்தில் கன்றுக்குப் பணம் போயிற்று, இன்னோரிடத்தில் போகவில்லை. கானா உழவரின் இடத்தில் உங்கள் பாட்டனாரை வைத்துப் பாருங்கள். அவரும் கன்று நட்டிருக்கமாட்டார்.

மலேசியாவுக்குச் செல்வம் சேர்த்த, பாமாயில் தரும் செம்பனையின் தாயகமே மேற்கு ஆப்பிரிக்காதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1848இல் ஜாவாவின் போகோர் தாவரவியல் பூங்காவில் நடப்பட்ட நான்கு கன்றுகளின் வழிவந்த மரங்களே தென்கிழக்காசியத் தோட்டங்களுக்கு அடிப்படையாயின. பழம் பிடிப்பதற்காகத் தொழிலாளர்கள் பூந்துகளைக் கையால் தூவிக்கொண்டிருந்த வேலை, பாகிஸ்தானைச் சேர்ந்த பூச்சியியலாளர் ரகுமான் சையத் ஆய்ந்து சொன்னபடி, கேமரூனிலிருந்து ஒரு சிறிய கூன்வண்டைக் கொண்டுவந்து 1981இல் விட்டபிறகுதான் தேவையற்றதாயிற்று. மரமும் ஆப்பிரிக்காவினுடையது, அதற்குத் துணையான வண்டும் ஆப்பிரிக்காவினுடையது.

அரசியலை எடுத்துக்கொண்டால் படம் வேறாகத் தெரியும். விசாரணையின்றிச் சிறைவைக்கும் சட்டத்தை நுக்ருமா 1958இல் கொண்டுவந்தார், மலாயா 1960இல் கொண்டுவந்தது. கானாவில் 1966 முதல் 1981 வரை இராணுவப் புரட்சி மேல் புரட்சியாக நடந்தது. பொருளாதாரச் சரிவில் அதற்குப் பெரும் பங்குண்டு. ஆனால் 1992 அரசமைப்புக்குப் பின் அதே கானாவில் 2001, 2009, 2017, 2025 என நான்கு முறை ஆட்சி எதிர்க்கட்சியின் கைக்குத் தேர்தல் வழியே அமைதியாக மாறியிருக்கிறது. மலேசியாவில் கூட்டரசின் ஆட்சி தேர்தலால் முதன்முறை மாறியது 2018இல். அக்ராவில் உயர்ந்த கோபுரங்கள் குறைவு என்பதற்காக இந்த வரிசையை நாம் பார்க்காமல் விட்டால், நாம் செய்வது ஒப்பீடே அன்று.

நாட்டின் சராசரிக் கணக்குக்குள் மறைந்துபோகிறவர்களையும் நீங்கள் அறிவீர்கள். 1950களிலும் 60களிலும் ஐரோப்பிய முதலாளிகள் தோட்டங்களை விற்று வெளியேறியபோது நடந்த தோட்டத் துண்டாடலில் வேலையும் லயத்து வீடும் இழந்தவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். மலாயா இந்தியர்களின் அரசியல் தலைவரான துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் கூட்டுறவுச் சங்கம் தொடங்கித் தொழிலாளர்களின் சிறுசேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்கியது அதைத் தடுக்கத்தான். அரசின் நிலக் குடியேற்றத் திட்டங்களில் இந்தத் தொழிலாளர்களுக்குக் கிடைத்த இடம் மிகச் சொற்பம். 1969க்குப் பின் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமானபோது பல்லாயிரம் பேர் தமிழ்நாட்டுக்குத் திரும்பினார்கள். வாழ்நாள் முழுதும் விடியுமுன் எழுந்து மரம் சீவியவர்கள் அவர்கள். அவர்கள் வறியவர்களாகத் திரும்பியதற்கு உழைப்புக் குறைவுதான் காரணம் என்று யாரேனும் சொன்னால் நீங்கள் பொறுத்துக்கொள்வீர்களா? கானாவின் கொக்கோ உழவரைப் பற்றி எழுதும்போதும் அதே பொறுமையின்மையை உங்களிடம் எதிர்பார்க்கிறேன்.