சொந்தத்தில் கட்டியதால் வந்த வலிப்பா?

கேள்வி: மகனுக்கு 14 மாதம். ஐந்தாவது மாதத்தில் வலிப்பு தொடங்கியது, கழுத்து இன்னும் நிற்கவில்லை. மரபணுப் பரிசோதனையில் டைனமின்-1 மரபணுவின் ஒரு பிரதியில் மாற்றம் என்று வந்திருக்கிறது. அத்தை மகனைத்தான் கட்டியிருக்கிறேன். கட்டிவைத்த அத்தையே இப்போது அதைச் சொல்லி அழுகிறார். அடுத்த குழந்தைக்கும் வருமா?

பதில்: அத்தையிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள், இதற்கும் சொந்தத்தில் கட்டியதற்கும் சம்பந்தமில்லை. சொந்தத்தில் கட்டினால் நாங்கள் பயப்படுவது, அப்பாவிடம் ஒன்று அம்மாவிடம் ஒன்று என இரண்டு பிரதியும் பழுதாக வந்து சேரும் நோய்களுக்கு. உங்கள் மகனுக்கு ஒன்றில்தான் மாற்றம், அது பெரும்பாலும் புதிதாக விழுந்த எழுத்துப்பிழை.

சரி, இந்த மரபணு உருவாக்கும் டைனமின் என்ற புரதத்துக்கு என்ன வேலை? நரம்பு நுனியில் ரசாயனம் நிரப்பிய குட்டிப் பைகள் இருக்கும், ஒவ்வொன்றும் சுமார் 40 நானோமீட்டர். செய்தி வந்ததும் பை நுனியின் சவ்வோடு ஒட்டி, உள்ளே இருப்பதை வெளியே கொட்டிவிடும். கையிருப்பு பல நுனிகளில் சில நூறு பைகள்தான், அதனால் கொட்டிய பையின் சவ்வை உள்ளே இழுத்து மறுபடி பையாக்கியே தீரவேண்டும். சவ்வு உள்நோக்கிக் குழிந்து பலூன் மாதிரி தொங்கும்போது அதன் கழுத்தைச் சுற்றி வளைத்து, இறுக்கி, துண்டித்து விடுவது டைனமின். சும்மா இருக்கும்போது அதன்மேல் பாஸ்பேட் ஒட்டியிருக்கும். நுனிக்குள் கால்சியம் பாய்ந்தால் கால்சினியூரின் என்ற நொதி அதைக் கழற்றி வேலைக்கு அனுப்பும்.

ஒரு பிரதி நன்றாகத்தானே இருக்கிறது என்று கேட்பீர்கள். டைனமின் தனியாக வேலை செய்யாது, சங்கிலியாகக் கோத்துக்கொள்ளும். பழுதான கண்ணிகளும் நடுவில் வந்து மாட்டிக்கொள்கின்றன. பழ ஈயில் ஒரு வகை உண்டு, வெயில் சூடு ஏறினால் அதன் டைனமின் நின்றுவிடும், ஈ அப்படியே விழும், குளிர்ந்தால் எழுந்து பறக்கும். டைனமின் பழுதானால் நரம்பு ஓய்ந்துதானே போகும், அப்படியென்றால் வலிப்பு எப்படி வரும்? மற்ற நரம்புகளை அடக்கி வைக்கும் நரம்புகளில் பல படுவேகமாக வேலை செய்பவை, பைகள் தீர்ந்து அவை முதலில் ஓய்ந்துபோகின்றன என்பது ஒரு விளக்கம்.

அடுத்த குழந்தை விஷயத்துக்கு, உங்கள் இருவர் ரத்தத்திலும் இதே மாற்றம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மறுபடி வரும் வாய்ப்பு நூற்றில் ஒன்று அளவுதான், கருவிலேயே பரிசோதித்தும் பார்க்கலாம்.

டைனமினையே சரிசெய்யும் மருந்து இன்னும் இல்லை. கொழுப்பு மிகுந்த கீட்டோஜெனிக் உணவு சில குழந்தைகளுக்கு வலிப்பைக் குறைத்திருக்கிறது, உங்கள் நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள். அதற்காக வீடியோ பார்த்துவிட்டு நீங்களாகவே தேங்காய் எண்ணெயைப் புகட்ட ஆரம்பிக்காதீர்கள், ஓடிக்கொண்டிருக்கும் மாத்திரையையும் ஒருநாள்கூட நிறுத்தாதீர்கள்.