வாசகர் கேள்வி, நம்ம பதில்: செரோக்கி மக்களும் அவங்க மலையும்

போன இதழ்ல அமெரிக்காவோட பழங்குடி மக்கள்ல ஒருத்தரான செரோக்கிங்களைப் பத்தி அரைப் பக்கம் எழுதியிருந்தோம். அதுக்கு நீலகிரி பக்கத்துல இருந்தே நிறைய கேள்வி வந்துருக்கு, அதனால இந்த வாரம் முழுசும் அதுக்கே.

சினிமால காட்டுற மாதிரி தலை நிறைய இறகு, தோல் கூடாரம், குதிரைல காட்டெருமை வேட்டை, இவங்களும் அப்படித்தானே? - குன்னூர் கல்லூரி மாணவர்

இல்ல தம்பி, அது புல்வெளிச் சமவெளில இருந்த வேற மக்கள். செரோக்கிங்க நம்மள மாதிரி மலைக்காரங்க. அப்பலேச்சியன் மலையோட தெக்குப் பக்கம், இப்போ வடக்கு கரோலினா, டென்னசி, ஜார்ஜியானு பிரிச்சு வச்சிருக்காங்களே, அதெல்லாம் அவங்க ஊருதான். ஆத்தோரமா ஊர் அமைச்சு, குச்சி பின்னி களிமண் பூசின வீட்டுல இருந்தாங்க, ஊர் நடுவுல எல்லாரும் கூடிப் பேச ஒரு பெரிய மன்றம் இருக்கும். வேட்டையும் உண்டு, ஆனா விவசாயம்தான் உயிர். மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி மூணையும் சேர்த்தே போடுவாங்க, பீன்ஸ் கொடி சோளத்தட்டைல ஏறிக்கும், மண்ணுக்குச் சத்தும் குடுக்கும், பூசணி இலை தரையை மூடி ஈரத்தைக் காப்பாத்தும். முதல் சோளத்தைக் குடுத்த தாய்க்கு அவங்க கதைல செலுனு பேரு. புதுச் சோளம் வந்ததும் ஒரு திருவிழா, அப்போ பழைய நெருப்பை அணைச்சிட்டு புதுசா மூட்டுவாங்க, கொலையைத் தவிர பழைய பகையெல்லாம் அன்னைக்கோட மன்னிக்கப்படும்.

படிக்கத் தெரியாத ஒருத்தரே தனியா ஒரு எழுத்து முறையை உருவாக்கினாருனு எழுதியிருந்தீங்க, நம்பவே முடியல. - கோத்தகிரி ஆசிரியை

நம்பலாம் டீச்சர். அவர் பேரு செக்கோயா, வெள்ளி வேலையும் கொல்லு வேலையும் செஞ்சவர், ஒரு கால் சரியில்லாதவர். வெள்ளைக்காரங்க பேப்பர்ல கோடு போட்டு தூரத்துல இருக்கறவங்ககிட்ட பேசுறாங்கன்னு பார்த்துட்டு, இது நமக்கும் முடியும்னு உக்காந்துட்டார். முதல்ல ஒரு சொல்லுக்கு ஒரு குறினு போட்டுப் பார்த்தார், அது ஆயிரக்கணக்குல போகுது, யாரால ஞாபகம் வச்சுக்க முடியும். அப்புறம்தான் பேச்சை ஒலித் துண்டா உடைச்சுக் கேட்டு, ஒவ்வொரு ஒலிக்கும் ஒரு எழுத்துனு 1821-ல முடிச்சார், மொத்தம் 86, பின்னாடி 85 ஆச்சு. நம்ம க, கி, கு-ல 'க'வோட உருவம் கொஞ்சமாவது தெரியும்ல, அங்க ஒவ்வொண்ணுக்கும் சம்பந்தமே இல்லாத தனி உருவம். சிலது பார்க்க இங்கிலீஷ் எழுத்து மாதிரியே இருக்கும், ஆனா ஒலி வேற: டபிள்யூ மாதிரி இருக்கறது 'லா', எச் மாதிரி இருக்கறது 'மி'.

ஊர்ல யாரும் நம்பலையாம், சூனியம்னு கூட பேசினாங்களாம், அப்போ அவரோட சின்னப் பொண்ணு அயோக்காதான் அப்பா எழுதினதைப் படிச்சுக் காட்டி நிரூபிச்சான்னு சொல்வாங்க. அதுக்கப்புறம் தீ மாதிரி பரவிடுச்சு, பள்ளிக்கூடமே போகாம ஒருத்தர்கிட்ட இருந்து இன்னொருத்தர் கத்துக்கிட்டாங்க. 1828 பிப்ரவரி 21-ல அந்த எழுத்தும் இங்கிலீஷும் கலந்து செரோக்கி ஃபீனிக்ஸ்னு பத்திரிகையே வந்துருச்சு. ஒரு மனுஷன் செஞ்ச வேலைகள்ல இதைவிடப் பெருசா ஒண்ணு எனக்குத் தெரியல.

எங்க தேவாலாவுல ஒரு காலத்துல தங்கம் தோண்டினாங்க. அவங்க மலைலயும் தங்கம் கிடைச்சதாலதான் விரட்டினாங்களா? கோர்ட்டு என்ன பண்ணுச்சு? - பந்தலூர் வாசகர்

தங்கம் பெரிய காரணம் அண்ணா, அதோட பருத்தி போட நிலமும் வேணும். தேவாலால 1880 வாக்குல லண்டன் கம்பெனிங்க வந்து மலையைக் குடைஞ்சுட்டு சீக்கிரமே மூட்டையைக் கட்டினாங்க. ஜார்ஜியால டலோனேகா பக்கம் 1829-ல தங்கம் தேடி வர ஆரம்பிச்ச கூட்டம் லேசுல போகல. அந்த மாநிலம் 1832-ல செரோக்கி நிலத்தைத் துண்டு போட்டு வெள்ளைக்காரங்களுக்குக் குலுக்கல்ல குடுத்துச்சு, ஆளுங்க வீட்டுக்குள்ள இருக்கும்போதே!

இதுல எனக்கு மனசு ஆறாதது என்னன்னா, நீங்க நாகரிகமானா விட்டுடறோம்னுதான் அதுவரைக்கும் அவங்ககிட்ட சொல்லிட்டு வந்தாங்க, இவங்களும் எழுத்து, பத்திரிகை, 1827-ல எழுதின அரசியல் சட்டம், கோர்ட்டு, நியூ எக்கோட்டானு தலைநகரம் எல்லாமே பண்ணி முடிச்சாங்க. அப்புறமும் 1830-ல ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்சன் வெளியேத்துற சட்டத்துல கையெழுத்துப் போட்டார். செரோக்கிங்க சண்டைக்குப் போகாம கோர்ட்டுக்குப் போனாங்க. 1832-ல உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல், செரோக்கி மண்ணுல ஜார்ஜியா சட்டம் செல்லாதுன்னு தெளிவாவே தீர்ப்பு எழுதினார். ஜெயிச்ச கேஸு! ஜார்ஜியா மதிக்கல, ஜாக்சனும் அதை நடைமுறைப்படுத்தல.

1835 டிசம்பர்ல ஒரு சின்னக் குழு, தலைவர் ஜான் ராஸ் இல்லாமலே, 50 லட்சம் டாலருக்கு நிலத்தைக் குடுக்கறதா ஒப்பந்தம் போட்டுருச்சு. செனட்ல, தேவையான மூணுல ரெண்டு பங்கை விட ஒரே ஒரு ஓட்டு கூடுதலா வாங்கி அந்த ஒப்பந்தம் நிறைவேறுச்சு, இது எங்க ஒப்பந்தம் இல்லைனு 15,000-க்கும் மேல கையெழுத்தோட மனு போயும் பலன் இல்ல. 1838-ல ராணுவம் வந்து சாப்பிட்டுட்டு இருந்தவங்களைக் கூட எழுப்பி மரவேலி முகாம்ல அடைச்சுது, அங்க சீதபேதில நிறைய பேர் போனாங்க. மிச்சப் பேர் குளிர்காலத்துல சுமார் 1,000 மைல் ஓக்லஹோமா பக்கம் நடந்தாங்க, மிசிசிப்பி ஆத்துல பனிக்கட்டி ஓடுனதால கடக்க முடியாம கரையிலேயே கிடந்தாங்க. போன 16,000 பேர்ல 4,000 பேர் வரைக்கும் செத்திருப்பாங்கனு கணக்கு. ராஸோட மனைவி குவாட்டியும் வழில இறந்துட்டாங்க. கண்ணீர்ப் பாதைனு சொல்றது இதைத்தான். அதே 1838-ல டலோனேகால அரசாங்கத்தோட தங்க நாணயச் சாலை திறந்தாச்சு.

பொம்பளைங்களுக்கு அங்க என்ன மரியாதை? - மஞ்சூர் வாசகி

ரொம்பவே இருந்துச்சு அக்கா. ஏழு குலம், பிள்ளைங்க அம்மாவோட குலம், வீடும் வயலும் பொண்ணு பேர்ல, கல்யாணமானா மாப்பிள்ளைதான் அங்க வரணும். நான்சி வார்டுங்கற பெரியம்மா 1817-ல மத்த பெண்களோட சேர்ந்து இனி நிலத்தைக் குடுக்காதீங்கனு சபைக்கே எழுதி அனுப்பினாங்க. ஆனா 1827 சட்டம் வெள்ளைக்காரங்களைப் பார்த்து எழுதினது, ஓட்டு ஆம்பளைங்களுக்கு மட்டும்னு ஆயிருச்சு. அந்த இழப்பு சின்னது இல்ல. பின்னாடி 1985-ல வில்மா மான்கில்லர் முதல் பெண் தலைவரா வந்து பத்து வருஷம் இருந்தாங்க. அதுக்கு முன்னாடியே பெல்னு ஒரு ஊர்ல மக்களே குழி தோண்டி தண்ணிக் குழாய் போட வச்சவங்க அவங்கதான்.

அவங்களே கறுப்பின அடிமைங்களை வச்சிருந்தாங்கனு படிச்சேன். உண்மையா? - ஊட்டி வாசகர்

உண்மைதான், மறைக்கக் கூடாது. வசதியான சில குடும்பங்க தோட்டம் போட்டு அடிமைங்களை வச்சிருந்தாங்க, கண்ணீர்ப் பாதைல அந்த அடிமைங்களும் நடந்தாங்க. 1866 ஒப்பந்தத்துல அவங்களுக்கு முழு உரிமைனு எழுதினாங்க, ஆனா அவங்க வாரிசுங்க குடியுரிமைக்காக ரொம்ப காலம் போராடி, 2017-லதான் கோர்ட்டு அதை உறுதி பண்ணுச்சு.

இப்போ அந்த மலைல யாராச்சும் இருக்காங்களா? மொழி பிழைச்சிருக்கா? - கூடலூர் வாசகி

இருக்காங்கம்மா. சிலர் மலைக்குள்ள ஒளிஞ்சு தப்பிச்சாங்க, சிலருக்கு வில்லியம் தாமஸ்னு அவங்க வளர்த்த ஒரு வெள்ளைக்காரர் தன் பேர்ல நிலம் வாங்கி வச்சார், அவங்க வாரிசுங்கதான் வடக்கு கரோலினால குவாலாங்கற பகுதில இருக்கற கிழக்குப் பிரிவு. அவங்க தாய் ஊருனு சொல்ற கிட்டுவா 1996 வரைக்கும் யாரோ ஒருத்தரோட வயலா இருந்துச்சு, 309 ஏக்கரையும் அவங்களே காசு குடுத்து வாங்கிட்டாங்க. அவங்க நிலத்தை அவங்களே விலைக்கு வாங்கணும்னா பாருங்க. ஸ்மோக்கி மலையோட உச்சி சிகரத்துக்கு 2024-ல குவோஹினு பழைய பேரே திரும்ப வந்துருச்சு. நம்ம தொட்டபெட்டாவை விட அது 2,000 அடி கம்மிதான், ஆனா அவங்களுக்கு அது புனித மலை.

ஓக்லஹோமால டாலெக்வா தலைநகரமா இருக்கற செரோக்கி நேஷன்ங்கற அவங்க சொந்த அரசுல இப்போ நாலரை லட்சத்துக்கும் மேல ஆளுங்க. ஆனா சரளமா மொழி பேசுறவங்க ரெண்டாயிரம் பேர் பக்கம்தான், அதுலயும் வயசானவங்கதான் அதிகம். கொரோனா தடுப்பூசி வந்தப்போ அந்தப் பெரியவங்களுக்கு முன்னுரிமை குடுத்தாங்க. ரெண்டு பக்கமும் குழந்தைங்களுக்கு முழுக்க தாய்மொழியிலேயே சொல்லிக்குடுக்கற பள்ளிக்கூடம் நடத்துறாங்க. உங்க பசங்களுக்கு அந்த எழுத்தைக் காட்டணும்னா ஐபோன் இருந்தா போதும், 2010-ல இருந்தே அதுல செரோக்கி கீபோர்டு இருக்கு, செட்டிங்ஸ்ல போய் சேர்த்துக்கோங்க.