கணினி கேள்வி பதில்: மூன்றாவது ஹார்ட் டிஸ்க்கும் போச்சு!

கேள்வி: எங்கள் டெஸ்க்டாப்பில் இரண்டு வருடத்துக்குள் மூன்றாவது ஹார்ட் டிஸ்க் மக்கர் செய்கிறது. ஒவ்வொரு தடவையும் கடைக்காரர் புது டிஸ்க் போட்டு விண்டோஸ் ஏற்றித் தருகிறார். இன்வெர்ட்டர் இருந்தும் கரண்ட் போனால் கணினி அணைந்து மறுபடி எழுகிறது. இப்போதைய டிஸ்க் 'டிக் டிக்' என்று சத்தம் போடுகிறது. மகள் கல்யாணப் படங்கள் அதில்தான் இருக்கின்றன. ஃபார்மட் செய்தால் சரியாகுமா? பி.கு.: கேபினெட்டைத் தொட்டால் லேசாகச் சுர்ரென்கிறது. ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டுதான் உட்காருகிறோம்.
– வாசகர், காரைக்குடி

பதில்: முதலில் மெஷினை அணையுங்கள் சார், மிச்சத்தை அப்புறம் படிக்கலாம்.

அந்த 'டிக் டிக்', டிஸ்க்கில் தகவலைப் படிக்கும் முனையான ஹெட் படிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முட்டிக்கொள்ளும் சத்தம். ஹெட்டுக்கும் தகவல் பதிந்திருக்கும் தட்டுக்கும் நடுவே சில நானோமீட்டர் இடைவெளிதான் உண்டு. ஓடவிட்டால் தட்டையே கீறிவிடும். ஃபார்மட் வேண்டாம், விண்டோஸின் டிஸ்க் சரிபார்ப்பான செக் டிஸ்க்கும் வேண்டாம், யாராவது சொன்னார்கள் என்று ஃப்ரீசரிலும் வைக்காதீர்கள். படங்கள் வேண்டுமென்றால் டேட்டா மீட்பு மட்டுமே செய்யும் இடத்துக்குக் கொண்டுபோங்கள். செலவு கூடுதல்தான், ஆனால் இந்தக் கட்டத்தில் வீட்டில் செய்ய ஒன்றுமில்லை. சத்தமில்லாமல் மெதுவாக மட்டும் ஓடும் டிஸ்க் என்றால் லினக்ஸில் 'டிடிரெஸ்க்யூ' என்ற நகலெடுக்கும் மென்பொருள் கொண்டு இன்னொரு டிஸ்க்குக்கு அப்படியே நகல் எடுத்து, அந்த நகலில்தான் மீட்பு வேலை செய்ய வேண்டும்.

உங்கள் கடிதத்தில் முக்கியமான வரி அந்தப் பி.கு.தான். டிஸ்க்குகள் வரிசையாகச் சாகின்றன என்றால் நான் டிஸ்க்கைத் திட்டமாட்டேன், அதற்குச் சோறு போடுவது யார் என்று பார்ப்பேன். கணினிக்குள் எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் கொடுக்கும் பெட்டிதான் எஸ்.எம்.பி.எஸ். அதன் வாசலில் இரைச்சலை வடிகட்டி எர்த்துக்கு அனுப்பும் சின்னக் கெப்பாசிட்டர்கள் இருக்கும். எர்த் இல்லையென்றால் 230 வோல்ட்டில் பாதி அளவு கேபினெட் தகட்டில் வந்து நிற்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் சுர்ரென்பதோடு நிற்கிறது. திடீர் மின் எழுச்சியைத் தடுக்கும் ஸ்பைக் பஸ்டரும் எர்த் இல்லாமல் முழு வேலை செய்யாது. செருப்பு உங்களை அந்தச் சுர்ரிலிருந்து காப்பாற்றலாம், மதர்போர்டு பாவம் என்ன செய்யும்?

எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே குண்டு பல்பை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நியூட்ரலில் எரிவது போலவே பளிச்சென்று எரிய வேண்டும். மங்கினால் எர்த் குழி காய்ந்திருக்கலாம், வெயில் காலத்தில் உங்கள் பக்கம் இது சகஜம். எரியவே இல்லையென்றால் பிளக் பாயிண்ட்டில் எர்த் ஒயரே இருக்காது. த்ரீ பின்னின் பெரிய காலை ஒடித்துவிட்டுச் செருகும் பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள்.

அடுத்து எஸ்.எம்.பி.எஸ். கணினி வேலை செய்துகொண்டிருக்கும்போதே அதிலிருந்து வரும் மஞ்சள் ஒயரில் 11.4 முதல் 12.6 வோல்ட், சிவப்பில் 4.75 முதல் 5.25 வோல்ட் இருக்க வேண்டும். மல்டிமீட்டர் வைத்திருக்கும் எந்த மெக்கானிக்கும் பார்த்துச் சொல்வார். இந்த அளவுக்கு மேலேயோ கீழேயோ போனால் எஸ்.எம்.பி.எஸ்ஸைப் பெட்டியோடு மாற்றுங்கள். அதைத் திறந்து பார்க்க ஆசைப்படாதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். இன்வெர்ட்டரில் 'யூ.பி.எஸ். மோடு' சுவிட்ச் இருக்கிறதா என்றும் பாருங்கள். சாதாரண மோடில் கரண்டிலிருந்து பேட்டரிக்கு மாற ஆகும் நேரத்தைக் கணினி தாங்காது. டிஸ்க்கில் தகவல் பதிந்துகொண்டிருக்கும்போது கணினி அணைந்தால் ஃபைல்கள் கெடும்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் நாலாவது டிஸ்க். டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருள் இலவசம், மாதம் ஒருமுறை பாருங்கள். அதில் கெட்ட இடங்களைக் காட்டும் 05, சி5, சி6 வரிசைகளில் எண் ஏறினால் டிஸ்க் கிளம்பத் தயார். சி7 மட்டும் ஏறினால் முதலில் டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றுங்கள். சி7-இன் பழைய எண் இறங்காது, மேலே ஏறாமல் நின்றால் போதும். கல்யாணப் படங்களுக்கு இன்னொரு நகல், எப்போதும் செருகியே வைக்காத வெளி டிஸ்க்கில் இருக்கட்டும்.

கேள்வி: தினமும் காலையில் கணினி பழைய தேதி காட்டுகிறது. பிரவுசரும் தளங்கள் பாதுகாப்பில்லை என்கிறது. வைரஸா?
– வாசகி, தென்காசி

பதில்: வைரஸ் இல்லை. கணினி அணைந்திருக்கும்போதும் தேதியை ஓட்டிக்கொண்டிருக்கும், மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் செல் தீர்ந்துவிட்டது. பாதுகாப்புச் சான்றிதழ்களைத் தேதி பார்த்துத்தான் பிரவுசர் நம்பும், அதனால்தான் அந்த எச்சரிக்கை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, எழுத்துள்ள பக்கம் மேலே வருமாறு புது செல்லைப் போடுங்கள்.