கொழும்புச் சில்லறையில் என்ன தேடலாம்?

தம்பி, கோயம்புத்தூரிலிருந்து வேலைக்கு வந்து வெள்ளவத்தையில் அறை எடுத்திருக்கிறேன், அமெரிக்காவில் வங்கியில் நாணயச் சுருள்களை வாங்கிப் பிரித்துத் தேடுகிறார்களே, அதைக் கொழும்பில் செய்ய முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். அப்படியே செய்ய வராது. ஆனால் இந்த ஊருக்கென்று ஒரு வழி இருக்கிறது, அதில் சுவாரசியம் குறைவில்லை.

அவர்கள் தேடுவது வெள்ளி. கால் டாலர் காசு 40 சேர்ந்தால் 10 டாலர் சுருள். 1964 வரை ஆண்டு பொறித்த கால் டாலரில் 90 சதவீதம் வெள்ளி, அதற்குப் பிறகு புழக்கத்துக்கு விட்டதில் இல்லை. ஆண்டைப் பார்த்தாலே வேலை முடிந்தது. இங்கே 50 சதம், அதாவது அரை ரூபாய்க் காசு, இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே வெள்ளியிலிருந்து பித்தளை வகைக்கு மாறிவிட்டது. அதற்குப் பின் வந்த சதக் காசுகளே இப்போது கைக்கு வருவதில்லை. 2022-இல் ரூபாய் விழுந்த பிறகு ஒரு ரூபாய், இரண்டு ரூபாயையும் யாரும் மதிப்பதில்லை. பஸ்ஸில் கண்டக்டர் இரண்டு ரூபாய் மிச்சம் தரவில்லை என்று சண்டைக்குப் போகாதீர்கள், புது ஆள் என்று தெரிந்துவிடும்.

ஆகவே வெள்ளியை மறந்துவிட்டு நினைவு நாணயங்களைத் தேடுங்கள். முதலில் 10 ரூபாய். 2013 என்று ஆண்டு பொறித்த 10 ரூபாயில் மாவட்டத்துக்கு ஒன்றாக 25 வகை உண்டு. என்னைக் கேட்டால் கொழும்பில் புதிதாக வந்தவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. முல்லைத்தீவு எங்கே, மொனராகலை எங்கே என்று வரைபடத்தில் தேட வைத்துவிடும். முழுத் தொகுதியாக விலைக்கும் கிடைக்கும். வாங்காதீர்கள், சேர்ப்பதில்தான் ருசி. 20 ரூபாய் இன்னும் சுலபம். 2020-இல் மத்திய வங்கியின் 70 ஆண்டுக்கு ஒன்று, கொழும்பு மருத்துவ பீடத்தின் 150 ஆண்டுக்கு ஒன்று வந்தன.

அடுத்தது மஞ்சள் 5 ரூபாய். ஒரு சின்ன காந்தம் வைத்துக்கொள்ளுங்கள். 2005 முதல் வந்தவை பித்தளை முலாம் பூசிய எஃகு, காந்தத்தில் ஒட்டும். அதற்கு முந்தியவை ஒட்டாது, கையில் கொஞ்சம் கனமாகவும் இருக்கும். ஒட்டாததை மட்டும் ஒதுக்கித் திருப்பிப் பாருங்கள். 1995-இல் ஐக்கிய நாடுகள் சபையின் 50 ஆண்டுக்கு வந்தது கிடைக்கலாம். 1999-இல் வந்த கிரிக்கெட் உலகக் கோப்பைக் காசும் கிடைக்கலாம், 1996 லாகூர் வெற்றிக்காக அடித்தது. கல்கத்தா அரையிறுதி ஞாபகம் வந்து உங்களுக்கு வயிறு எரிந்தால் நான் பொறுப்பில்லை. 1998-இன் இரட்டை உலோக 10 ரூபாய், சுதந்திரத்தின் 50 ஆண்டுக்கு வந்தது, சில்லறையில் அகப்பட்டால் அன்று உங்களுக்கு அதிர்ஷ்டம்.

ஊரில் ஆண்டுக்குக் கீழே புள்ளியா, நட்சத்திரமா, வைர வடிவமா என்று பார்த்து அடித்த நாணயச்சாலை நொய்டாவா, ஹைதராபாதா, மும்பையா என்று பிரித்திருப்பீர்கள். அந்தப் பழக்கம் இங்கே உதவாது. இலங்கைக்குச் சொந்த நாணயச்சாலை இல்லை, காசை வெளிநாட்டில் அடித்து வாங்குகிறார்கள்.

சரி, காசு எங்கே வாங்குவது? வங்கிக் கவுண்டரில் போய் நின்றால் எதற்கு என்று கேட்பார்கள், அது வீண் பேச்சு. தேத்தண்ணிக் கடை, புறக்கோட்டைப் பழக்கடை, கோயில் வாசல் பூக்கடை, இவர்கள் பழகிக்கொள்ள வேண்டியவர்கள். காலையில் போகாதீர்கள், அப்போது அவர்களுக்கே சில்லறை வேண்டும். கடை பூட்டும் நேரத்தில் 500 ரூபாய்த் தாளைக் கொடுத்து, "அண்ணை, குத்திக் காசாத் தாங்கோ" என்று கேளுங்கள், குத்திக் காசு என்றால் இங்கே நாணயம். வேண்டாததை மறுநாள் அவரிடமே செலவழியுங்கள், அடுத்த முறை அவரே எடுத்து வைத்திருப்பார்.

பணம் பண்ணலாம் என்ற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். பழைய காசுக்கு லட்சம் தருகிறோம் என்று ரிசர்வ் வங்கி பெயரைச் சொல்லி ஏமாற்றுகிறார்கள் என்று அந்த வங்கியே 2021-இல் எச்சரித்தது. அந்த வித்தைக்கு எல்லை கிடையாது. யாராவது சேது காசு, யாழ்ப்பாண அரசர் காலத்தது என்று காட்டினால் இன்னும் கவனம். போலியாக இருக்கலாம். அசலாக இருந்தால் 1815 மார்ச் 2-க்கு முந்தியது இங்கே சட்டப்படி தொல்பொருள், ஊருக்குப் போகும்போது பெட்டியில் போட்டுக்கொண்டு போக முடியாது. அவற்றைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் கொழும்புக் கோட்டைப் பகுதியில் சத்தம் வீதியில் (Chatham Street) மத்திய வங்கியின் நூதனசாலை இருக்கிறது.

வெள்ளவத்தையில் கடல் காற்று என்பதால் எஃகுக் காசு சீக்கிரம் மங்கும். புளி போட்டுத் தேய்க்காதீர்கள், சேகரிப்பவர் யாரும் தொடமாட்டார். மலிவான பிளாஸ்டிக் உறையும் வேண்டாம், நாளாக ஆகப் பச்சை பிடிக்கும். அட்டை உறையில் போட்டு, செருப்புப் பெட்டியோடு வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்றையும் டப்பாவுக்குள் வையுங்கள்.